பூட்டு மிஸ்ஸின் சிவப்புப் பொத்தான்கள்

காலை எட்டு மணிக்குக் குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு ஒரு தாய் வாசலைவிட்டு நகராமல் நின்றால் மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். தண்ணீர் பாட்டில் வீட்டிலேயே தங்கிவிட்டது, பிள்ளைக்குச் சளி, இல்லையென்றால் நேற்று யாரோ கடித்துவிட்டார்கள். நிற்கிற விதத்தைப் பார்த்தே எது என்று பூட்டு மிஸ் சொல்லிவிடுவாள். பதினோரு வருட மழலையர் பள்ளி அனுபவம். அன்றைக்கு அணிலின் அம்மா நின்ற விதம் மூன்றிலும் சேரவில்லை.

"ஆபீஸ் ரூம்ல பேசலாமா மிஸ்? கதவைச் சாத்திட்டு."

கதவைச் சாத்தியதும் அவள் தன் போனை நீட்டினாள். கையில் கொடுக்கவில்லை. நீட்டி, பிடித்தபடியே காட்டினாள்.

திரையில் அணில். நாலரை வயது, இரண்டு கன்னங்களிலும் எதையோ ஒதுக்கி வைத்திருப்பதுபோல் எப்போதும் உப்பியிருக்கும், அதனால் பள்ளியில் அவள் அணில். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பள்ளியின் மஞ்சள் ஏப்ரன், நெஞ்சில் தைத்த வாத்து, வாத்துக்கு மேலே பொத்தான், கையில் பிளாஸ்டிக் குவளை. யாரையோ பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே ஒரே வரி: 'இது நம்ம பாப்பாதானே?'

"யார் அனுப்பினது?"

"என் நாத்தனார்."

பூட்டு மிஸ்ஸின் கண் கோப்பு அலமாரிக்குப் போனது. அணிலின் கோப்பில் நீதிமன்ற உத்தரவின் நகல் ஒன்று உண்டு. தாயும் மகளும் இருக்கிற இடத்துக்கு அணிலின் அப்பா வரக் கூடாது என்று அதில் முத்திரையோடு போட்டிருக்கிறது. ஆனால் கதவை உதைப்பதற்கு முன் உத்தரவை எடுத்துப் படித்துப் பார்க்கிற ஆள் இல்லை அவன். அந்தத் தாயின் இடது மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பாது. அவர்களுக்கு இது மூன்றாவது ஊர். வழக்கு விஷயமாக நாத்தனாரிடம் மட்டும் அவள் போன் நம்பர் இருந்தது. இருக்கிற இடம் யாருக்கும் தெரியாது. நேற்று வரை.

"இங்க பத்திரமா இருக்கும்னு சொன்னீங்க," என்றாள் அணிலின் அம்மா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "அஞ்சு மணிக்கு வருவேன். யார் எடுத்தது, எப்படி வெளிய போச்சுன்னு சொல்லுங்க. தெரியலைன்னா இன்னைக்கே கிளம்பிடுவோம். பெட்டி கட்ட ஒரு மணி நேரம் போதும். பழகிடுச்சு."

"அந்தப் போட்டோவை எனக்கு அனுப்புங்க, நான் பாத்து..."

"மாட்டேன் மிஸ்." போன் பைக்குள் போனது. "உங்களுக்கும் அனுப்ப மாட்டேன்."

அந்த வார்த்தை அவள் போன பிறகும் அறையிலேயே உட்கார்ந்திருந்தது.

பூட்டு மிஸ் என்பது பெற்றோர் வைத்த பெயரா, சக ஆசிரியைகள் வைத்ததா என்பது இன்றுவரை துப்புத் துலங்காத விஷயம். கொத்துச் சாவியோடு நடப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இரண்டு வருடத்துக்கு முன் குழந்தைகளின் இணையப் பாதுகாப்பு பற்றி ஒருநாள் பயிற்சிக்கு யாரையாவது அனுப்பச் சொன்னார்கள். அன்றைக்கு விடுப்பு கேட்கத் தோன்றாத ஒரே ஆள் இவள். போய்விட்டு வந்தவள் தூங்கவில்லை. வந்த வாரமே சட்டங்கள் பிறந்தன. வாசலில் பழைய முதலுதவிப் பெட்டி ஒன்றை மாட்டி, பணியாளர்களின் போன் ஆறையும் அதற்குள் போட்டுப் பூட்டினாள். படம் எடுக்கப் பள்ளிக்கு ஒரே ஒரு டேப், அதாவது கைக்கணினி. எடுத்த படத்தை இவள் பார்த்து 'சரி' போட்டால்தான் பெற்றோர் குரூப்புக்குப் போகும். அங்கிருந்து வெளியே அனுப்ப மாட்டோம் என்று எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து.

இவற்றையெல்லாம்விட அவள் பெருமைப்பட்டது பொத்தானில். பிள்ளையைப் படம் எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெற்றோர் நான்கு பேர். அந்த நான்கு பிள்ளைகளின் ஏப்ரனில் சிவப்புப் பொத்தான், மற்றவர்களுக்கு வெள்ளை. பட்டியலைத் தேட வேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பார்வை போதும். தானே உட்கார்ந்து தைத்தாள். பக்கத்துப் பள்ளிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு 'பிரமாதம்' என்றார்கள். அந்த வாரம் முழுக்க அவள் நடையே மாறியிருந்தது.

ஆகவே இப்போது அவள் கணக்கு தெளிவாக இருந்தது. அணிலுக்குச் சிவப்புப் பொத்தான். டேப்பில் எடுத்திருக்க முடியாது. எடுத்திருந்தாலும் அவள் கண்ணைத் தாண்டிப் போயிருக்க முடியாது. அப்படியானால் இந்தக் கட்டடத்துக்குள் எவரோ ஓர் ஏழாவது போனை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

தலைமையாசிரியையான பெரிய மிஸ் பல் மருத்துவரிடம் போயிருந்தார். காவல் நிலையத்துக்கு மட்டும் ஒரு போன் போட்டு, உத்தரவு எண்ணைச் சொல்லி, வாசலில் ஒரு கண் வைக்கச் சொன்னாள் பூட்டு மிஸ். பிறகு தன் இரு கண்களையும் உள்ளே வைத்தாள்.

முதலில் சமையல் அக்கா. சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் பிள்ளைகள் விளையாடும் தண்ணீர்த் தொட்டி நேராகத் தெரியும். இத்தனை நாள் அது நல்ல காற்றோட்டமுள்ள ஜன்னல். இன்றைக்கு அதன் யோக்கியதையே சரியில்லை.

"அக்கா, உங்ககிட்ட எத்தனை போன் இருக்கு?"

"ஒண்ணு. உங்க பெட்டிக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்கு."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணு இருந்தா என் மருமக அத விட்டு வெச்சிருப்பாளா?"

"இங்கேர்ந்து தொட்டி நல்லா தெரியுதே."

"உங்களுக்குத் தெரியுது." அக்கா கேரட் வெட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்கு இங்கேர்ந்து பாத்தா அணிலும் ஒண்ணுதான், அண்டாவும் ஒண்ணுதான். கண்ணாடி மாத்தி மூணு வருஷம் ஆச்சு. உப்புன்னு நெனச்சு சூப்புல சர்க்கரையக் கொட்டினேனே, அன்னைக்கு விசாரிச்சிருக்கணும் நீங்க. அன்னைக்கு ரெண்டு கிண்ணம் குடிச்சீங்க."

அடுத்து வேன் அண்ணன். அவர் போனில் கேமராவே கிடையாது. அதுதான் பூட்டு மிஸ்ஸுக்கு உறுத்தியது. இந்தக் காலத்தில் கேமரா இல்லாத போனை ஒரு மனிதன் எதற்கு வைத்திருக்கிறான்? எதை மறைக்க? தன் யோசனை போகிற போக்கைப் பார்த்து அவளே ஒரு நிமிடம் நின்றாள். இப்படியே போனால் மதியத்துக்குள் தொட்டியில் மிதக்கும் ரப்பர் வாத்தையும் விசாரிக்க வேண்டி வரும்.

மிச்சம் இருந்தது புது மிஸ்.

புது மிஸ் சேர்ந்து இரண்டு மாதம். டேப் அவள் பொறுப்பு. எதைச் சொன்னாலும் 'சரி மிஸ்' என்பாள். அவ்வளவு சரி சொல்கிற ஆளை எப்படி நம்புவது? போன வாரம் பூட்டு மிஸ் அறைக்குள் நுழைந்தபோது அவள் எதையோ சட்டென்று கைப்பைக்குள் போட்டதை இவள் பார்த்திருந்தாள். தட்டையான, நீளச் சதுரமான ஒன்று. அன்றைக்கு அது ஒன்றுமில்லை. இன்றைக்கு அது ஏழாவது போன்.

"உன் பையைக் கொஞ்சம் காட்டறியாம்மா?"

"எதுக்கு மிஸ்?"

"எல்லார் பையையும் பாக்கறேன்."

"சமையல் அக்கா பையப் பாக்கலையே."

'சரி மிஸ்' என்று சொல்லாமல் அவள் எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் இது. பூட்டு மிஸ்ஸின் சந்தேகம் இரண்டு படி ஏறியது. புது மிஸ் முகம் சிவக்கப் பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். சீப்பு, மாத்திரை அட்டை, மூடி தொலைந்த பேனா, பாதி பிஸ்கட். கடைசியாக அந்தத் தட்டையான பொருள் 'டப்' என்று விழுந்தது.

அட்டையில் செய்த போன். ஓரத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. நான்கு பொத்தான்களுக்கு நான்கு கலர் வட்டம்.

"பிள்ளைங்க செஞ்சு குடுத்தாங்க மிஸ்," என்றாள் புது மிஸ். "என் போனைப் பெட்டில போடறதப் பாத்துட்டு, 'ஐயோ பாவம் மிஸ்ஸுக்குப் போன் இல்ல'ன்னு. நீங்க பாத்தா போன் பொம்மைகூட வேண்டாம்பீங்களோன்னு ஒளிச்சு வெச்சேன்."

பூட்டு மிஸ் அதைத் திருப்பினாள். திரை இருக்க வேண்டிய இடத்தில் கிரேயானில் ஒரு முகம். முகத்தைவிடப் பெரிதாக இரண்டு கன்னங்கள்.

"இது யாரு?"

"அணில். அவளே செஞ்சது. 'நான் போட்டோல இருக்கேன் பாருங்க'ன்னா."

அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு திருடனைத் தேடிக்கொண்டிருக்கும்போது வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. "நீ அணிலைப் போட்டோ எடுத்தியா?" என்றாள்.

"இல்ல மிஸ். சத்தியமா இல்ல. ஒவ்வொரு தடவையும் பட்டனைப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். நீங்க சொல்லிக் குடுத்தபடியேதான்."

"பாக்கலாம்," என்றாள் பூட்டு மிஸ். அது 'நம்பவில்லை' என்பதன் மரியாதையான வடிவம் என்பது இருவருக்கும் தெரியும். புது மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பொருட்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். அட்டைப் போனைக் கடைசியாக, மடங்காமல், நிமிர்த்தி வைத்தாள்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் விளையாட்டு. புது மிஸ்ஸைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்து, மெத்தைகள் அடுக்கிய அறையின் கதவிடுக்கில் பூட்டு மிஸ் ஒளிந்து நின்றாள். சாவிக்கொத்து காட்டிக் கொடுத்துவிடும் என்று அதை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயதில், மூக்கில் மெத்தைப் பஞ்சு ஏற, தும்மலை விழுங்கிக்கொண்டு நிற்பதைப் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். கொக்கியில் மாட்டியிருந்த ஏப்ரன்களைத் தாங்களே எடுத்துத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். தன் வேலையைத் தானே செய்யும் பழக்கம், பாடத்திட்டத்தில் உண்டு. அணில் தன் சிவப்புப் பொத்தான் ஏப்ரனை எடுத்தாள். ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மெத்தை அறைக் கதவை ஒட்டியிருந்த பொம்மை அலமாரிக்குப் பின்னால் வந்தாள். அங்கே ஏற்கனவே ஒருவன் காத்திருந்தான். புல்டோசர். வழியில் நாற்காலி இருந்தால் சுற்றிப் போகத் தெரியாத பையன்.

"கொண்டாந்தியா?"

"ம். கழட்டு, சீக்கிரம்."

புல்டோசர் தன் வெள்ளைப் பொத்தான் ஏப்ரனைக் கழற்றினான். அணில் வாங்கிப் போட்டுக்கொண்டாள். சிவப்பு அவன் நெஞ்சுக்குப் போனது. ஒருவர் முதுகு நாடாவை மற்றவர் இழுத்துவிட்டார்கள். ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. பல நாள் பழகிய கை.

பூட்டு மிஸ்ஸின் முஷ்டி தளர்ந்தது. சாவிகள் கலகலவென்று சிரித்தன. அலமாரிக்குப் பின்னால் இரண்டு முகங்கள் உறைந்தன.

"அவதான் கேட்டா," என்றான் புல்டோசர் உடனே. ஆபத்து வந்தால் நண்பனைக் காட்டிக் கொடுப்பதில் அவனுக்கு ஒரு தயக்கமும் கிடையாது.

பூட்டு மிஸ் மண்டியிட்டாள். "நீ எதுக்குடா குடுத்த?"

"செவப்பு பட்டன் போட்டா யாரும் சிரி சிரின்னு சொல்ல மாட்டாங்க. நான் பாட்டுக்குத் தண்ணி அடிப்பேன்."

"நீ எதுக்குக் கண்ணு வாங்கின?"

அணில் கன்னங்களை உப்பிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி எதிர்ச் சுவரைக் காட்டினாள். 'எங்கள் வாரம்' என்று தலைப்பு எழுதிய சுவர். வாராவாரம் டேப்பில் எடுத்த படங்களில் நாலைந்தை அச்சடித்து ஒட்டுவார்கள்.

"நான் செவுத்துல இல்ல."

பூட்டு மிஸ் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் இருக்காங்க. இவன்கூட இருக்கான், மூக்கு நோண்டறான். நான் வந்தா மட்டும் நீங்க 'கொஞ்சம் தள்ளி நில்லு செல்லம்'னு சொல்றீங்க." அணில் நிமிர்ந்தாள். "நான் ஆடாம நிப்பேன் மிஸ். நல்லா சிரிப்பேன். இப்படி."

சிரித்துக் காட்டினாள். காலையில் திரையில் பார்த்த அதே சிரிப்பு, வாயெல்லாம் பல்.

தள்ளி நில்லு செல்லம். அது பூட்டு மிஸ்ஸின் வாக்கியம். நோகாமல் சொல்ல வேண்டும் என்பதற்காகவே 'செல்லம்' சேர்த்திருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள்? ஏன் என்று ஒரு முறையாவது சொல்லியிருக்கிறாளா?

ஆபீஸ் அறைக்குப் போய் டேப்பைத் திறந்தாள். காலையிலேயே செய்திருக்க வேண்டியது. எல்லாரையும் சந்தேகப்பட்டவளுக்குத் தன் 'சரி'யை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. போன செவ்வாய்க்கிழமைப் படங்கள். ஏழாவது படம்: முன்னால் பஞ்சு என்ற சிறுமி, புத்தம் புதுக் கவுனின் சரிகை ஏப்ரனுக்குக் கீழே நான்கு விரல் அகலம் தெரிய நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் அணில், குவளையோடு. இரண்டு ஏப்ரன். இரண்டு வெள்ளைப் பொத்தான். நாத்தனார் அதில் அணிலை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறாள். காலையில் அந்தத் தாய் காட்டியபோதும் வாத்துக்கு மேலே இருந்தது வெள்ளைதான். பார்த்தாள், ஆனால் கவனிக்கவில்லை.

படத்துக்குக் கீழே: 'பார்த்துச் சரி சொன்னவர்: பூட்டு மிஸ்.' அலுவலகக் கணினியில்கூட அந்தப் பெயர்தான்.

அன்றைக்கு எப்படிப் பார்த்தாள் என்பது அவளுக்கு நன்றாகவே நினைவு இருந்தது. வெள்ளை, வெள்ளை, சரி. வெள்ளை, வெள்ளை, வெள்ளை, சரி. நாற்பது படம், மூன்று நிமிடம். வேகத்தை நினைத்துப் பெருமைகூடப் பட்டாள். முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அதற்குத்தானே பொத்தான்.

பஞ்சுவின் அம்மாவைப் போனில் பிடித்தாள். குழந்தைக் கவுன் தைத்து இணையத்தில் விற்பவர்.

"செவ்வாய்க்கிழமை குரூப்ல வந்த போட்டோவ வேற எங்கயாவது போட்டீங்களாங்க?"

"என் கடைப் பக்கத்துல போட்டேன் மிஸ். கவுனோட சரிகை அவ்வளவு நல்லா விழுந்திருந்துது... நம்ம பொண்ணுதானேன்னு..."

"பின்னாடி இன்னொரு பொண்ணு நிக்குதே."

"அவளும் வெள்ளை பட்டன்தானே மிஸ்? அன்னைக்குக் கூட்டத்துல நீங்கதானே சொன்னீங்க, வெள்ளைன்னா பயமில்லன்னு."

வெளியே அனுப்ப மாட்டேன் என்று போட்ட கையெழுத்தை நினைவூட்டினாள். அந்த அம்மா பதறிப்போய், பேசிக்கொண்டிருக்கும்போதே படத்தை நீக்கினார். ஆறு நாள் இருந்திருக்கிறது. அறுநூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் யார் யார் என்று அவருக்குத் தெரியாது.

ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது, ஒரு பொய்யைத் தயார் செய்யத் தாராளமாகப் போதும். பொய்கூட வேண்டாம், உண்மையிலேயே நல்ல நல்ல துண்டுகள் கிடைத்தன. 'ஒரு பெற்றோர் விதியை மீறிட்டாங்க.' அது உண்மை. 'பிள்ளைங்க ஏப்ரனை மாத்திக்கிட்டாங்க.' அதுவும் உண்மை. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். இரண்டிலும் அவள் ஓரமாக, படத்தில் விழாமல், தள்ளி நின்றாள்.

முதலில் புது மிஸ்ஸைத் தேடிப் போனாள். "உன் மேல தப்பில்ல. பையக் கவுத்தினதுக்கு மன்னிச்சுக்கம்மா."

"சரி மிஸ்," என்றாள் புது மிஸ். கொஞ்சம் யோசித்து, "இன்னும் கோவம் இருக்கு மிஸ்," என்றாள்.

"இருக்கட்டும்."

சரியாக ஐந்துக்கு அணிலின் அம்மா வந்தாள். உட்காரவில்லை.

"நான்தான்," என்றாள் பூட்டு மிஸ். தயார் செய்த வாக்கியம் எதுவும் வரவில்லை. டேப்பைத் திருப்பி, கீழே இருந்த தன் பெயரைக் காட்டினாள். ஏப்ரன் மாறியது, பொத்தானை மட்டும் பார்த்தது, கவுன்கார அம்மா, நீக்கியது, காவல் நிலையம், எல்லாவற்றையும் வரிசையில்லாமல் கொட்டினாள். சுவரைப் பற்றிச் சொல்லும்போது டேப்பை மேசையில் வைத்தாள். "படத்துல இருக்கணும்னு ஆசைப்பட்டிருக்கா. நான் பாதுகாப்புன்னு நெனச்சது அவளுக்குத் தண்டனை மாதிரி இருந்திருக்கு."

அணிலின் அம்மா படத்தை விரலால் பெரிதாக்கி, அணிலின் முகத்தில் நிறுத்தினாள்.

"போன ஊர்ல, நாங்க எங்க இருக்கோம்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஊர்ல என் சொந்த அக்கா," என்றாள். "கேட்டா ரெண்டு பேரும் 'நானா? நான் இல்லவே இல்ல'ன்னாங்க. நான்தான்னு சொன்ன முதல் ஆள் நீங்க. இதுக்குச் சந்தோஷப்படறதா, இல்ல..."

அப்போது அவள் போன் அதிர்ந்தது. நாத்தனார். காலையில் இருந்து இது நான்காவது முறை. அவள் பூட்டு மிஸ்ஸைப் பார்த்தாள். பூட்டு மிஸ் கதவைப் பூட்டினாள். அந்தச் சமயத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே உதவி அதுதான். அணிலின் அம்மா ஒலிபெருக்கியில் போட்டு எடுத்தாள்.

"அண்ணி? ஏன் அண்ணி எடுக்கவே மாட்டேங்கறீங்க?" அடக்கிய குரல், எங்கோ குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டு பேசுகிறாள். "அந்தப் போட்டோவ எடுக்கச் சொல்லுங்க மொதல்ல. அண்ணன் இன்னும் பாக்கல. பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கலாமான்னு தேடினேன், கண்ணுல பட்டுச்சு. எங்க இருக்கீங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க. சொல்லவே சொல்லாதீங்க. வெச்சிடறேன்."

அறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"நம்பலாமா மிஸ்?" என்றாள் அணிலின் அம்மா. காலையில் இருந்து அவள் யோசனை கேட்டது இதுதான் முதல் முறை.

"நம்பாதீங்க," என்றாள் பூட்டு மிஸ். "ஆனா ஒரு நன்றி மட்டும் அனுப்புங்க."

அணிலின் அம்மா முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து, நிற்க இடமில்லாமல் போனது. "இன்னைக்குக் கிளம்பல," என்றாள். "ஒரு வாரம் பாக்கறேன். பெட்டியை அவிழ்க்க மாட்டேன்."

"நானும் வாசலைப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

"தெரியும். உங்க சாவிச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது."

மறுநாள் பூட்டு மிஸ் எல்லா ஏப்ரன்களிலும் பொத்தான்களை வெட்டி எடுத்தாள். சமையல் அக்கா கத்தரிக்கோல் கொடுத்துவிட்டு, திட்டுவதைவிட மோசமாக, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். இனி ஒவ்வொரு படத்தையும் பெயர்ப் பட்டியலோடு வைத்து, ஒவ்வொரு முகமாக, புது மிஸ்ஸும் இவளும் இருவராகப் பார்ப்பது என்று ஏற்பாடு. நாற்பது படத்துக்கு ஒரு மணி நேரம். முதல் நாளே கழுத்து பிடித்துக்கொண்டது.

சுவரில் இருந்த படங்கள் அத்தனையும் இறங்கின. வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு பிள்ளையும் தன்னைத் தானே வரைந்து ஒட்ட வேண்டும் என்று சொன்னார்கள். புல்டோசர் வெறும் புல்டோசரை வரைந்தான். அணில் வரைவதற்கு முன் வந்து, "அந்தச் செவப்பு பட்டனை எனக்கே தருவீங்களா?" என்று கேட்டு வாங்கிப் போய்விட்டாள்.

வாசலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பூட்டு மிஸ் அவள் மேசைப் பக்கம் போனாள். இரண்டு பெரிய கன்னங்கள், எண்ண முடியாத பற்கள், மூக்குக்குப் பதிலாகப் பசையில் ஒட்டிய சிவப்புப் பொத்தான். பழக்கதோஷம், கண் முதலில் பொத்தானுக்குத்தான் போனது. அதை வலுக்கட்டாயமாக இழுத்து முகத்துக்குக் கொண்டுவந்தாள். காகிதத்தின் கோடியில் சாவிகளோடு ஓர் உருவம் பாதி வெட்டுப்பட்டு நின்றது.

"இது யாரு?"

"நீங்கதான்."

"பாதிதான் இருக்கேன்?"

அணில் சிவப்புக் கிரேயானை எடுத்து, அடுத்த வேலையில் இறங்கினாள். பூட்டு மிஸ்ஸின் நிழல் காகிதத்தில் விழுந்தது. அணில் நிமிர்ந்து பார்க்காமல், மிக அன்பாக, நன்றாகப் பழகிய குரலில் சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க செல்லம்."

பூட்டு மிஸ் தள்ளி நின்றாள்.